'சாட்சி சொல்ல வாங்க'ன்னு சம்மன் வந்திருக்கா? எஃப்.ஐ.ஆர் முதல் தீர்ப்பு வரை... ஒரு கிரிமினல் கேஸ் நகரும் பாதை!

ஒரு சனிக்கிழமை காலை. காலிங் பெல் அடித்ததும் ஸ்விக்கி ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், வாசலில் போலீஸ்காரர். கையில் ஒரு தாள். "கோர்ட் சம்மன்மா... கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றார். சம்மன் எனக்கு இல்லை, என் ரூம்மேட்டுக்கு.

அவள் முகம் வெளிறிவிட்டது. "நான் என்னடி தப்பு பண்ணேன்?"

தாளைப் பிரித்துப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 2024 அக்டோபரில், ஆபீஸ் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவள் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். புகார் கொடுத்தாள். மூன்று வாரத்தில் போன் கிடைத்தது, ஓர் இளைஞர் கைதானார். அதோடு முடிந்தது என்று அவள் மறந்தே போய்விட்டாள். ஒன்றரை வருடம் கழித்து, அந்த வழக்கில் சாட்சி சொல்லத்தான் இப்போது கூப்பிடுகிறார்கள்.

"போன்தான் கிடைச்சிடுச்சே... கேஸை வாபஸ் வாங்கிடலாமா? போகாம விட்டா என்ன ஆகும்?"

இந்தக் கேள்விகள் அவளுக்கு மட்டும் வருபவை அல்ல. ஒரு கேஸ் போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கி தீர்ப்பு வரைக்கும் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டுகிறது என்று நம்மில் பலருக்கும் தெரியாது. 'கைதாயிட்டான்' என்றால் குற்றவாளி என்றும், 'ஜாமீன்ல வந்துட்டான்' என்றால் தப்பித்துவிட்டான் என்றும் நினைத்துக்கொள்கிறோம். ரெண்டுமே தப்பு!

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சட்டம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. அந்தக் கேள்வி எது என்று தெரிந்தால், நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். என் தோழியின் போன் கேஸை வைத்தே பார்ப்போம்.

1. புகார்: 'குற்றம் நடந்ததாகத் தகவல் வந்திருக்கிறதா?'

புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் ஒரு ரசீது தருவார்கள். அதில் 'சி.எஸ்.ஆர்' என்று இருந்தால், உங்கள் மனு பெறப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர் எனப்படும் முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு தொடங்குகிறது. அதில் 'குற்ற எண்' இருக்கும். எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்தியா முழுக்கப் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. புதிய சட்டப்படி, சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம். ஆனால், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால்? மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

முக்கியமாக, எஃப்.ஐ.ஆர் என்பது ஆதாரம் அல்ல. 'இப்படி ஒன்று நடந்ததாகத் தகவல் வந்திருக்கிறது' என்ற பதிவு, அவ்வளவுதான்.

2. கைது, ரிமாண்ட்: 'இவரை இப்போது உள்ளே வைத்திருக்க வேண்டுமா?'

கவனியுங்கள், 'இவர் குற்றவாளியா?' என்ற கேள்வி இங்கே கிடையாது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. எதற்காகக் கைது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்துவிட முடியாது, அவசியம் ஏன் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைது அவசியமில்லை என்றால், 'விசாரணைக்கு ஆஜராகவும்' என்று நோட்டீஸ் தர வேண்டும்.

நடுவர் சிறைக்கு அனுப்பினால் அது நீதிமன்றக் காவல். விசாரணைக்காகப் போலீஸே அழைத்துப்போனால் அது போலீஸ் காவல். போலீஸ் காவல் மொத்தமாக 15 நாளைத் தாண்டக் கூடாது.

புலன் விசாரணைக்கும் கெடு இருக்கிறது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரணம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் 90 நாள். மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், சிறையில் இருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை. 'பெரிய கேஸ்ல கைதானவனுக்கு எப்படி ஜாமீன் கொடுத்தாங்க?' என்று கோபப்படும் முன், இந்தக் கெடு தாண்டியதா என்று பாருங்கள்.

ஜாமீன் என்றால் 'விசாரணை நடக்கும்போது வெளியே இருக்கலாம்' என்பது மட்டும்தான். வழக்கு அப்படியேதான் இருக்கிறது.

3. புலன் விசாரணை, குற்றப்பத்திரிகை: 'வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இருக்கிறதா?'

சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுவது பார்வை மகஜர். கூடவே ஒரு மாதிரி வரைபடம். பொருளைக் கைப்பற்றும்போது எழுதுவது கைப்பற்றுதல் மகஜர். இதோடு சாட்சிகளை விசாரித்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார்கள். போலீஸிடம் தரும் அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை. போடச் சொல்லவும் கூடாது.

கைதானவர் போலீஸிடம் 'நான்தான் செஞ்சேன்' என்று சொன்னாலும், அந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால், அவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாக வழிகாட்டிய பகுதியை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். 'போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டான்' என்ற செய்தியை இனி இந்தக் கண்ணோடு படியுங்கள்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பது புதிய சட்டத்தில் இருக்கும் ஒரு நல்ல விஷயம். போனிலேயே தெரிவிக்கலாம்.

சரி, கைப்பற்றிய பொருள் என்ன ஆகும்? அது போலீஸ் மூலம் கோர்ட் வசம் போகும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனு போட்டால் இடைக்காலமாகத் திருப்பித் தருவார்கள். என் தோழியும் பில், ஐ.எம்.இ.ஐ நம்பரைக் காட்டி அப்படித்தான் வாங்கினாள். 'கேட்கும்போது கொண்டுவருவேன், விற்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை மறந்து, போன தீபாவளிக்கு அதை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போடப் பார்த்தாள். ஸ்கிரீனில் கீறல் இருந்ததால் விலை குறைத்துக் கேட்டார்கள். நல்லவேளை, அலமாரியில் தூக்கிப்போட்டுவிட்டாள்!

4. கோர்ட் கோப்புக்கு எடுப்பது: 'இந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?'

குற்றப்பத்திரிகையைப் படித்து, நடுவர் வழக்கைக் கோப்புக்கு எடுப்பார். அப்போது ஒரு புது நம்பர் வரும். நடுவர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் 'சி.சி. நம்பர்'. பலரும் ஸ்டேஷனில் தந்த குற்ற எண்ணையே கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் அலைவார்கள். அங்கே கேட்பது இந்த நம்பரைத்தான்.

இதோடு சி.என்.ஆர் என்ற 16 இலக்க எண்ணும் உண்டு. 'இ-கோர்ட்ஸ்' ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்சல் டிராக் பண்ணுவதுபோலத்தான். என்ன, இந்தப் பார்சல் கொஞ்சம் மெதுவாக வரும்.

முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை தரலாம். தலைமைக் குற்றவியல் நடுவர் ஏழு ஆண்டு வரை. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய குற்றங்கள் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். போன் பறிப்புக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதனால் என் தோழியின் கேஸ் நடுவர் நீதிமன்றத்திலேயே நடக்கிறது.

இந்தக் கட்டத்தில் எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, வாக்குமூலங்கள் எல்லாவற்றின் நகலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்?

5. குற்றச்சாட்டுப் பதிவு: 'எந்தக் குற்றத்துக்காக இவரை விசாரிக்க வேண்டும்?'

ஆவணங்களைப் பார்த்து, வழக்குக்கு அடிப்படையே இல்லை என்று தோன்றினால் நீதிபதி இங்கேயே விடுவித்துவிடலாம். இது 'விடுவிப்பு'. விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்வது 'விடுதலை'. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள்.

அடிப்படை இருந்தால் குற்றச்சாட்டு பதிவாகும். அதைப் படித்துக் காட்டி, 'ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்பார்கள். மறுத்தால் விசாரணை தொடங்கும். இரண்டு ஆண்டு அல்லது அதற்குக் கீழ் தண்டனை உள்ள சின்ன வழக்குகளில் இந்தக் கட்டம் இன்னும் எளிமையாக முடிந்துவிடும்.

6. சாட்சி விசாரணை: 'சாட்சிக்கு நேரடியாக என்ன தெரியும்?'

என் தோழி வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

வாபஸ் வாங்கலாமா என்று கேட்டாளே, அதற்கு இங்கே பதில். போலீஸ் வழக்கு என்பது அரசு நடத்தும் வழக்கு. புகார்தாரர் அதற்கு முதலாளி அல்ல. கோர்ட் தாளில் அவர் 'அ.சா.1', அதாவது அரசு தரப்பின் முதல் சாட்சி. சாதாரணக் காயம் ஏற்படுத்துதல் போன்ற சில குற்றங்களில் சமரசத்துக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. மற்றபடி நினைத்தபோது வாபஸ் வாங்க முடியாது. அதேநேரம், அவள் காசு கொடுத்து வக்கீல் வைக்கவும் தேவையில்லை. அரசுக்காக வாதாடுபவர் உதவி அரசு வழக்கறிஞர், ஏ.பி.பி என்பார்கள்.

சம்மன் வந்தும் போகாவிட்டால் வாரன்ட் வரலாம். அதைவிட முக்கியம், சாட்சி வராத ஒவ்வொரு முறையும் வழக்கு வாய்தாவில் நகரும். குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் இருந்தால், அந்த வாய்தா அவர் வாழ்க்கையிலிருந்து கழியும் நாள்.

கூண்டில் ஏறியதும் உறுதிமொழி. முதலில் ஏ.பி.பி கேட்பது முதல் விசாரணை. பதிலைத் தானே எடுத்துக்கொடுப்பதுபோல அவர் கேள்வி கேட்கக் கூடாது. அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் செய்வது குறுக்கு விசாரணை. 'நீங்க சொல்றது பொய்னு சொல்றேன், சரிதானே?' என்ற ரீதியில் கேள்விகள் வரும். சாட்சிகள் பலரும் உடைந்துபோவது இங்கேதான். ஆனால், அது உங்கள் மேல் இருக்கும் கோபம் அல்ல. தன் தரப்பு வாதத்தைச் சாட்சியிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டியது அந்த வக்கீலின் வேலை. 'சரியல்ல' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

முதல் நாள் ராத்திரி என் தோழி தூங்கவில்லை. "நான் அவன் மூஞ்சியைப் பார்க்கவே இல்லடி. ரெண்டு பேரும் ஹெல்மெட். கோர்ட்ல இவன்தான்னு சொல்லணுமா? சொல்லலைன்னா நான் கொடுத்தது பொய் கேஸ்னு ஆயிடுமா?"

மறுநாள் காலை இருவரும் போனோம். நீதிபதி விடுப்பு; பத்து நாள் தள்ளி வாய்தா. இரண்டாவது முறை லீவு போட்டுப் போனபோது, வராந்தாவில் ஒருவர் பக்கத்தில் வந்து, "இவர்தான்னு கையைக் காட்டிடுங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். எதிர் பெஞ்சில் அந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஜாமீனில் இருப்பவர். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். பக்கத்தில் அவர் அம்மா, மடியில் சாப்பாட்டுப் பையோடு.

பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினாள். நடந்ததைச் சொன்னாள். போனைக் காட்டியபோது, "என்னோடதுதான்" என்றாள். அது 'சா.பொ.1' என்று குறிக்கப்பட்டது. பறித்தது யார் என்ற கேள்விக்கு, "ஹெல்மெட் போட்டிருந்தாங்க. முகத்தைப் பார்க்கலை" என்றாள்.

அப்போ கேஸ் போச்சா? இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். திருட்டுப் பொருள் திருடு போன கொஞ்ச நாளிலேயே ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியவில்லை என்றால், கோர்ட் அவருக்கு எதிராக ஓர் அனுமானத்துக்கு வரலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. போனை யாரிடமிருந்து கைப்பற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியது மகஜர் சாட்சியும் விசாரணை அதிகாரியும். அவர்கள் வேலையை இவள் செய்யத் தேவையில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது பொய் சாட்சி. அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. தண்டனை இருக்கட்டும், அந்த இளைஞர் உண்மையிலேயே செகண்ட் ஹேண்டில் வாங்கியவராக இருந்திருந்தால்?

தெரிந்தே மாற்றிச் சொல்பவரைத்தான் 'பிறழ் சாட்சி' என்கிறோம். 'பார்க்கலை' என்று உள்ளதைச் சொல்பவர் பிறழ் சாட்சி ஆகிவிட மாட்டார்.

7. எதிரியிடம் கேள்வி: 'உங்கள் தரப்பு என்ன?'

கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். அரசு தரப்பு சாட்சிகள் முடிந்ததும், அவருக்கு எதிராக வந்த ஒவ்வொரு விஷயத்தையும் நீதிபதியே அவரிடம் சொல்லி விளக்கம் கேட்பார். இதற்கு உறுதிமொழி கிடையாது. பதில் சொல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்க முடியாது. அவர் தன் தரப்பு சாட்சிகளையும் கொண்டுவரலாம். அதன் பிறகு இரு தரப்பு இறுதி வாதம்.

8. தீர்ப்பு: 'சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆனதா?'

முழுக் கேஸிலும் 'இவர் குற்றவாளியா?' என்ற கேள்விக்கு இங்கேதான் முதல்முறையாகப் பதில் வருகிறது. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் எதிரிக்கு. குற்றவாளி என்று முடிவானால், எவ்வளவு தண்டனை என்பது தனிக் கேள்வி. வயது, குடும்ப நிலை, இது முதல் குற்றமா என்பதெல்லாம் அப்போது பார்க்கப்படும். தகுதியான வழக்குகளில், 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடவும் முடியும்.

நடுவர் தந்த தண்டனையை எதிர்த்து, அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அமர்வு நீதிமன்றத் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாள். எதிரி விடுதலையானால், பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்ய முடியும்.

வக்கீலுக்குக் காசு இல்லையென்றால்?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். உங்கள் அண்ணனோ தம்பியோ ஏதோ தகராறில் கைதாகி, ராத்திரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது உதவும் நம்பர் இது. இப்போதே சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.

என் தோழி கூண்டில் நின்றது மொத்தமே இருபது நிமிடம். இறங்கும்போது சாட்சி வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் நேராக டீக்கடைக்குப் போனோம்.

"அந்தப் பையன் உள்ள போயிடுவானா?" என்று கேட்டாள்.

"தெரியலை. இன்னும் மகஜர் சாட்சி இருக்கு, இன்ஸ்பெக்டர் இருக்கார்."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "அந்தம்மா போகும்போது என்னைப் பார்த்தாங்கடி. திட்டப்போறாங்கன்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லலை."

அடுத்த வாய்தா அடுத்த மாதம். அதற்கு அவள் போக வேண்டியதில்லை. ஆனால், வழக்கின் சி.என்.ஆர் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டு வைத்திருக்கிறாள்.